தலைவர் நேரில் பார்த்த வேன்

மலேசியாவில், ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாயிலிருந்து உள்ளே போனால், சுண்ணாம்பு மலைகளை ஒட்டி ஆனைக்கல் தாமான் என்ற குடியிருப்பு இருக்கிறது. ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். இப்போது வரிசை வீடுகள், ஒரு கோயில், ஒரு பாலர் பள்ளி, ஒரு பொது மண்டபம். அங்கே குடியிருப்போர் சங்கத்துக்குப் பல வருடங்களாகத் தலைவர் தர்மேந்திரன். அவரை எதிர்த்து யாரும் நின்றதில்லை. மரியாதை காரணமல்ல. நாற்காலி அடுக்குவதையும் மண்டபச் சாவியை வைத்திருப்பதையும் தவிர அந்தப் பதவியில் ஒன்றுமில்லை என்பது தாமானில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர் அவர் ஒருவர்தான்.

தர்மேந்திரன் ஈப்போவில் ஒரு டைல்ஸ் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்து ஓய்வுபெற்றவர். அதற்கு முன்னால், மீசை முளைத்த வயதில், தோட்ட ஆபீசில் எடுபிடி வேலை. அந்தக் காலத்தில் ஒரு நாள் மானேஜர் தொலைபேசியில் பேசியதை வாசலில் நின்று கேட்டுவிட்டார். தோட்டத்தை விற்கப் போகிறார்கள். சாயங்காலம் தொழிலாளர் லயத்துக்கு வந்து சொன்னார். முதலில் அடிக்க வந்தார்கள். மறுநாள் கங்காணியே அது நிஜம் என்று சொன்னதும் எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "தம்பி, வேற என்ன பேசிக்கிட்டாங்க?" என்று அப்பா வயதுக்காரர்கள் கேட்டார்கள். வீடு போகப்போகிறதே என்ற கவலை அவர்களுக்கு. தன் பேச்சைக் கேட்க இத்தனை பேரா என்ற மயக்கம் இவருக்கு. அந்த மயக்கம் அதன்பின் தெளியவேயில்லை. அதற்குப் பிறகு அவர் கொண்டுவந்த செய்திகளில் உண்மையானவை மிகக் குறைவு.

கைப்பேசி வந்தது அவருடைய நல்ல காலம், தாமானின் கெட்ட காலம். 'ஆனைக்கல் குடும்பம்' என்று ஒரு வாட்சப் குழு தொடங்கினார். மேடையில் மட்டும் அதைப் 'புலனக் குழு' என்று சுத்தத் தமிழில் சொல்வார். விடிவதற்கு முன்பே பூ போட்ட காலை வணக்கம் வந்துவிடும். பின்னாலேயே அன்னாசிப்பழத்தை வேகவைத்துக் குடித்தால் தீரும் வியாதிகளின் வரிசை. வேறு ஏதோ நாட்டில் இடிந்த பாலத்தை, தெலுக் இந்தான் போகும் வழியில் இடிந்துவிட்டது என்பார். அங்கே சொந்தக்காரர்கள் உள்ளவர்கள் பதறிப்போய்க் கூப்பிட்டால், அவர்கள் பாட்டுக்குச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை கடைசி வரிசை வீட்டில் இருந்த, தோட்டத்தில் கணக்கெழுதிய பழைய கிராணியைச் சாகடித்துவிட்டார். கண்ணீர் அஞ்சலிப் படத்தோடு செய்தி போனது. அந்தக் கிராணி மறுநாள் கோழி வாங்கப் போனபோது கடைக்காரன் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். கிராணியின் மகன் வந்து சண்டை போட்டதற்கு, "எனக்கு வந்தத அனுப்புனேன். செத்தாரா இல்லையான்னு நான் போய் மூக்குல கைவச்சுப் பாக்க முடியுமா?" என்று தர்மேந்திரன் கேட்டார். நியாயமான கேள்வி என்றுதான் அவர் இன்றுவரை நினைக்கிறார்.

எழுதி அனுப்புவதில் அவருக்குத் திருப்தி இல்லை. குரல் பதிவுதான் அவருக்குப் பிடித்தது. எல்லாமே, "வணக்கம், தலைவர் பேசுகிறேன்" என்று தொடங்கும். அவர் மனைவி கலாதேவி பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமைப்பவள். நாள் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலில் நிற்பவளுக்கு வீட்டுக்கு வந்தும் ஓய்வில்லை. கூடத்தில் உட்கார்ந்து பேசும் குரல், அடுத்த நொடி அவள் கைப்பேசியிலும் பேசும். குழுவிலிருந்து விலகினாள். திரும்பச் சேர்த்தார். மறுபடி விலகினாள். கடைசியில் தன் கைப்பேசியில் புருஷனையே தடை செய்துவிட்டாள். "ஏதாச்சும் அவசரம்னா எழுந்து வந்து அடுப்படியில சொல்லுங்க. பத்தடிதான்" என்றாள்.

இப்படிப்பட்ட ஒருவரைத் தேடித்தான் காம்பார் பல்கலைக்கழக மாணவர்கள் வந்தார்கள்.

அவர்களுக்குச் சமூகச் சேவை ஒரு பாடம். ஏதாவது ஓர் ஊருக்குப் போய் நல்லது செய்து, செய்ததைப் படம் எடுத்து, அறிக்கையாகக் கொடுத்தால் மதிப்பெண். ஆனைக்கல் தாமான் அவர்களுக்கு வசதியான ஊர். நெடுஞ்சாலைக்குப் பக்கம், மண்டபம் இலவசம், தலைவர் கூப்பிட்டவுடன் வருகிறார். கொசு ஒழிப்புக்கு ஒரு கூட்டம் வந்து, கேமரா ஓடுகிறவரை சாக்கடையைக் கிளறிவிட்டுப் போனது. மறுசுழற்சிக்கு வந்தவர்கள் மூன்று நிறத்தில் தொட்டிகள் வைத்தார்கள்; அவற்றில் இப்போது மூன்று வீட்டுக்காரர்கள் மழைத்தண்ணீர் பிடிக்கிறார்கள். எல்லாப் படத்திலும் நடுவில் தர்மேந்திரன் நிற்பார்.

இந்த முறை வந்தவர்களின் பதாகையில் 'பொறுப்பான இணையம், பாதுகாப்பான குடும்பம்' என்று இருந்தது. ஒரே நிறச் சட்டை, முதுகில் 'பகிருமுன் யோசி' என்ற வாசகம். தலைவி ஷாமினி. கிள்ளானிலிருந்து வந்து வணிகம் படிப்பவள், எதையும் படபடவென்று முடிப்பவள். கணினி படிக்கும் கோகிலன் திரையில் காட்டுகிற வேலையைப் பார்த்துக்கொண்டான். மற்றவர்கள் பலூன் ஊதினார்கள். இணையத்துக்கும் பலூனுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

"அங்கிள், ஆளுங்க வருவாங்களா?" என்று ஷாமினி கேட்டாள்.

"நான் கூப்பிட்டா வராம இருப்பாங்களா? டீக்கும் சொல்லிட்டேன். ரொட்டி பாய் வந்துருவாரு."

ரொட்டி பாய் என்பது முகமது இப்ராஹிம். ஈப்போவில் இருந்து பழைய வெள்ளை வேனில் ரொட்டி, பன், முறுக்கு, மிட்டாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு தாமான் தாமானாகப் போகிறவர். ஆனைக்கல்லுக்கு வராத நாளில்லை. அவர் ஹாரன் சத்தம் கேட்டால் பிள்ளைகள் செருப்புக்கூடப் போடாமல் ஓடுவார்கள். சங்கத்தில் எந்தக் கூட்டமானாலும் தர்மேந்திரன் அவருக்குத்தான் போன் போடுவார். அன்று காலையும் போட்டார். இப்ராஹிம் வேனை மண்டபத்துக்கு எதிரே நிறுத்திவிட்டு, பன் தட்டுகளை உள்ளே கொண்டுபோய் அடுக்கத் தொடங்கினார்.

அதிர்ஷ்டக் குலுக்கல் உண்டு என்று சொல்லியிருந்ததால் மண்டபம் ஓரளவு நிறைந்தது. தர்மேந்திரன் தொடக்க உரை ஆற்றினார். இணையம் கத்தி மாதிரி என்றார், நெருப்பு மாதிரி என்றார், வேறு எவை மாதிரி என்று யோசிக்க நின்றபோது ஷாமினி கைதட்டி முடித்துவைத்தாள்.

பொய்ச்செய்தியைக் கண்டுபிடிக்கும் பயிற்சி ஒன்று இருந்தது. கோகிலன் அதற்கு இணையத்திலிருந்து ஓர் ஆங்கில உதாரணத்தை எடுத்து வைத்திருந்தான். ஷாமினிக்கு அது பிடிக்கவில்லை.

"ஆண்டிங்களுக்கு இது புரியாது கோகி. லோக்கலா ஒன்னு போடு. அவங்க ஏரியா மாதிரியே இருக்கணும்."

"இப்பவா? இன்னும் அஞ்சு நிமிஷத்துல என் டர்ன்லா."

"அதான் சொல்றேன், சீக்கிரம் பண்ணு."

கோகிலன் வெளியே வந்து பார்த்தான். எதிரே ஒரு வெள்ளை வேன் நின்றது. படம் எடுத்தான். எண் பலகையில் பாதியைக் கலங்கலாக்கினான். அதுதான் பொறுப்பு என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் ஒட்டியிருந்த ரொட்டிக் கம்பெனிப் படம், கூரைமேல் கட்டியிருந்த நீலத் தார்ப்பாய், பின்கதவில் இருந்த பெரிய ஒடுக்கு எல்லாம் அப்படியே தெரிந்தன. படத்துக்குக் கீழே தமிழிலும் மலாயிலும் எழுதினான். 'எச்சரிக்கை. சிம்பாங் பூலாய் வட்டாரத்தில் இந்த வேனில் வருபவர்கள் மிட்டாய் கொடுத்துக் குழந்தைகளைக் கடத்துகிறார்கள். எல்லாருக்கும் பகிரவும்.' பொய்ச்செய்தி எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. பையன் படிப்பில் கெட்டிக்காரன்.

பயிற்சிக்காக அவனையும் 'ஆனைக்கல் குடும்பம்' குழுவில் சேர்த்திருந்தார்கள். முதலில், 'பயிற்சி: கீழே வரும் செய்தியில் உள்ள தவறுகளைக் கண்டுபிடியுங்கள்' என்று ஒரு வரி அனுப்பினான். அடுத்ததாகப் படத்தைத் தனியே அனுப்பினான். பிறகு மேடை ஏறி, இந்தச் செய்தியில் தேதி இல்லை, யார் சொன்னது என்று இல்லை, போலீஸ் உறுதி செய்ததாக இல்லை என்று விளக்கத் தொடங்கினான்.

முன்வரிசையில் தலைவர் அதைக் கேட்கவில்லை. தான் பேசிய நேரத்தில் தன் கைப்பேசியில் குவிந்திருந்ததை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார். படம் கண்ணில் பட்டது. அவருக்குள் தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்ற அந்தப் பையன் விழித்துக்கொண்டான். கோயில் கமிட்டிக் குழு, தொழிற்சாலை ஓய்வாளர் குழு, பேராக் மாநிலம் முழுக்கச் சிதறிப்போன பழைய தோட்டத்து ஆட்களின் குழு, எல்லாவற்றுக்கும் படத்தைத் தள்ளினார். அதோடு விட்டிருந்தால், வந்ததை அனுப்பினேன் என்ற வழக்கமான சாக்காவது மிஞ்சியிருக்கும். கையால் வாயை மறைத்துக்கொண்டு மெதுவாகப் பேசிப் பதிவும் செய்தார்.

"வணக்கம், தலைவர் பேசுகிறேன். இந்த வேன் நம்ம ஏரியாவுலதான் சுத்துது. நானே நேர்ல பாத்தேன். பிள்ளைங்களுக்கு மிட்டாயக் காட்டி ஏத்துறானுங்க. எல்லாரும் உஷாரா இருங்க. உறுதியான தகவல்."

அவருக்குப் பின்னால் நாலடி தள்ளி இப்ராஹிம் பன் அடுக்கிக்கொண்டிருந்தார். பதிவை அனுப்பிவிட்டுத் தலைவர் எழுந்துபோய் அதில் ஒன்றை எடுத்துக் கடித்தார். "இன்னிக்கு நல்லா சாஃப்டா இருக்கு பாய்" என்றார்.

நேரில் பார்த்தேன் என்று சொன்னதில் ஒரு வகையில் பொய்யில்லை. அந்த வேனை அவர் தினமும் பார்க்கிறார். படத்தில் இருப்பது அதுதான் என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. படத்தை அவர் பார்க்கவேயில்லை, அனுப்பினார். இரண்டும் அவரிடம் ஒரே நேரத்தில் நடப்பதில்லை.

நிகழ்ச்சி முடிவில் கேள்வித்தாள் கொடுத்தார்கள். 'செய்தியைச் சரிபார்த்த பிறகே பகிர்வேன்' என்பதற்கு எதிரே தர்மேந்திரன் 'எப்போதும்' என்று குறியிட்டார். சான்றிதழ் வாங்கினார். படம் எடுத்துக்கொண்டார்கள். பலூன்களைப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

படமும் குரலும் அன்று மாலைக்குள் ஈப்போவைச் சுற்றி வந்துவிட்டன. தெலுக் இந்தானில் ஒரு பெண் தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. போகிற வழியில் யாரோ எண் பலகையின் மீதிப் பாதியையும் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக் கொடுத்தார்கள். அது தப்பான எண். ஆனால் நீலத் தார்ப்பாயும் ஒடுக்கும் சரியாக இருந்தன.

இப்ராஹிமுக்கு எதுவும் தெரியாது. அவரிடம் இருந்தது பட்டன் போன். அந்த மாதம் புதிதாகக் கோப்பெங் பக்கம் ஒரு தாமானுக்கும் போகத் தொடங்கியிருந்தார். அடுத்த வாரம் ஒரு நாள் பகலில் அங்கே வேனை நிறுத்தி ஹாரன் அடித்தார். பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஒரு சின்னப் பெண்ணிடம் கொடுக்கக் காசில்லை. அவர் ஒரு மிட்டாயை எடுத்து அவள் கையில் வைத்தார். எங்கேயும் அப்படிச் செய்கிறவர்தான்.

அதை ஒருவன் ஜன்னலில் இருந்து பார்த்தான். ஆட்கள் இறங்கி வந்தார்கள். ஒருவன் கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இது உன் வேன்தானே?"

இப்ராஹிம் குனிந்து பார்த்தார். "ஆமாங்க, என் வேன்தான்" என்றார். தன் வேனை யாரோ படம் எடுத்திருக்கிறார்களே என்று சிரிக்கவும் செய்தார்.

அவர் உண்மையைச் சொன்னார். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. ஹெல்மெட்டால் அடித்தார்கள், கட்டையால் அடித்தார்கள். தடுக்க உயர்த்திய வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. வேன் கண்ணாடி எல்லாம் உடைந்தது. ரொட்டியை ரோட்டில் கொட்டி மிதித்தார்கள். நிறையப் பேர் படம் எடுத்தார்கள். ஒரு மலாய்க்காரப் பெண்மணி மட்டும் குறுக்கே வந்து நின்று கத்திக்கொண்டே போலீசைக் கூப்பிட்டார். அவர் இல்லாவிட்டால் இப்ராஹிமை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

மறுநாள் காலை, கலாதேவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தர்மேந்திரன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, பிடிச்சிட்டாங்க. நான் சொன்ன வேன். என் வாய்ஸ் கேட்டுத்தான் உஷாரானாங்களாம். கோப்பெங்ல இருந்து ஒருத்தன் தேங்க்ஸ் போட்டுருக்கான்."

"யாரப் பிடிச்சாங்க?"

"பிள்ளை பிடிக்கிறவன."

அவள் குனிந்து பார்த்தாள். ரோட்டோரம் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் ரத்தம். மடியில் கையை ஏந்தியிருந்தார். சுற்றிலும் மிதிபட்ட பன்கள். கலாதேவி கைப்பேசியைப் புருஷன் கையிலிருந்து வாங்கி, படத்தைப் பெரிதாக்கினாள்.

"இது நம்ம ரொட்டி பாய்ங்க."

"சும்மா இரு. அவரு எதுக்கு..."

"கண்ணு இருக்கா உங்களுக்கு? அந்த வேன் பின்னாடி ஒடுக்கு யாரு பண்ணது? போன வருசம் நீங்கதான கார ரிவர்ஸ் எடுத்து இடிச்சீங்க?"

தர்மேந்திரன் படத்தைப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்த்தார். அந்த ஒடுக்குக்காக இப்ராஹிம் அவரிடம் ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. "பரவால்ல தலைவரே, வேன் ஓடுது" என்று சொல்லிவிட்டுப் போனவர். அது நினைவுக்கு வந்திருக்கும். ஆனால் அவர் அப்போது செய்தது, குழுக்களுக்கு ஒவ்வொன்றாகப் போய்த் தன் குரல் பதிவை அழிக்கப் பார்த்ததுதான். நாள் கடந்துவிட்டது, அழியவில்லை. 'எனக்கு மட்டும் அழி' என்று ஒன்று இருந்தது. அதை அழுத்தினார். அவருடைய கைப்பேசியில் மட்டும் அவர் நிரபராதி ஆனார்.

அடுத்து ஷாமினியைக் கூப்பிட்டார். மத்தியானம் அவளும் கோகிலனும் சிம்பாங் பூலாயில் ஒரு சீனர் காப்பிக் கடைக்கு வந்தார்கள். மூன்று பேரும் மூலையில் உட்கார்ந்தார்கள்.

"நீங்க பண்ணிக் குடுத்த படம்மா அது" என்றார் தர்மேந்திரன்.

"அங்கிள், மேல பயிற்சின்னு போட்டுருக்கோம். ஸ்க்ரீன்ஷாட் இருக்கு. நீங்கதான் அத விட்டுட்டு படத்த மட்டும் அனுப்பிருக்கீங்க. வாய்ஸ் வேற. நாங்க வாய்ஸ் குடுக்கச் சொல்லலையே."

"என் ஊர் மண்டபத்துல வச்சு என் குரூப்புல பொய்யப் போட்டது யாரு? நான் உன் லெக்சரர்கிட்ட பேசட்டுமா?"

ஷாமினி கொஞ்ச நேரம் ஐஸ் காப்பியைக் கலக்கினாள். அடுத்த வாரம் அறிக்கை கொடுக்க வேண்டும். "அங்கிள், யாரும் யார் பேரையும் சொல்ல வேணாம். அது எப்படியோ வந்துச்சு. அவ்வளவுதான். வேணும்னா பொய்ச்செய்தி பரப்பாதீங்கன்னு ஒரு போஸ்டர் போடலாம். உங்க சங்கமும் எங்க டீமும் சேந்து."

"என் போட்டோ வேணாம்" என்றார் தர்மேந்திரன். வாழ்நாளில் அவர் அப்படிச் சொன்னது அன்று ஒருநாள்தான்.

கோகிலன், "அந்த ஆளுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று மட்டும் ஒருமுறை கேட்டான். இருவருக்கும் தெரியவில்லை. கேட்டுப் பார்க்கவும் இல்லை.

போஸ்டர் அன்று மாலையே வந்தது. நல்ல நிறம், நல்ல எழுத்து. 'ஒரு பகிர்வு ஓர் உயிரைப் பறிக்கலாம்' என்று போட்டு, இரண்டு தரப்புச் சின்னங்களும் கீழே இருந்தன. 'ஆனைக்கல் குடும்பம்' குழுவில் கைகூப்பி வரவேற்றார்கள். இதைவிட வெட்கங்கெட்ட காகிதம் அந்த வருடம் பேராக்கில் வேறு வந்திருக்காது.

கலாதேவிக்கு இந்த ஒப்பந்தம் தெரிந்தபோது அவள் கத்தவில்லை. சனிக்கிழமை காலையில் சேலை கட்டிக்கொண்டு கார்ச் சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம். கிளம்புங்க."

"இப்பப் போனா நாமளே மாட்டிக்கிட்ட மாதிரி ஆகும்."

"மாட்டிக்கிட்டாச்சு. வணக்கம், தலைவர் பேசுகிறேன்னு ஊரு பூரா கேட்டாச்சு. போலீஸ்காரனுக்கு வேற அடையாளம் வேணுமா?"

வழியில் தர்மேந்திரன் ஒரு பழக்கூடை வாங்கினார். பெரியதாக, பளபளக்கும் தாள் சுற்றியதாக.

ஈப்போ மருத்துவமனையில் இப்ராஹிம் கண்ணை மூடிப் படுத்திருந்தார். கை முழுக்கக் கட்டு. பக்கத்தில் அவர் மனைவி குல்ஜார் பேகம் உட்கார்ந்திருந்தார். பழக்கூடையை வாங்கிக்கொள்ளவில்லை. அது தர்மேந்திரன் கையிலேயே இருந்தது. அவர், "மன்னிச்சிருங்கம்மா, எப்படியோ நடந்துபோச்சு. ஊரு நல்லதுக்குத்தான்..." என்று தொடங்கினார். அந்த அம்மாள் எழுந்து, தன் மகளின் கைப்பேசியை எடுத்து, ஒன்றை அழுத்தினார். வார்டில் எல்லாருக்கும் கேட்டது.

"வணக்கம், தலைவர் பேசுகிறேன். இந்த வேன் நம்ம ஏரியாவுலதான் சுத்துது. நானே நேர்ல பாத்தேன்."

குல்ஜார் பேகம் அதை முழுவதும் ஓடவிட்டார். முடிந்ததும் கேட்டார்.

"என்ன பாத்தீங்கண்ணே?"

தர்மேந்திரன் பழக்கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"இல்ல, நேர்ல பாத்தேன்னு சொல்றீங்க. எங்க வீட்டு ஆளு எந்தப் பிள்ளைய ஏத்துனாக? எங்க வச்சு? சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கிறேன்."

"வந்தத... எல்லாரும் அனுப்புற மாதிரி..."

"அவுக நம்பர் உங்க போன்ல இருக்கு. அன்னிக்குக் காலையிலதான் பன்னு கொண்டாங்கன்னு கூப்பிட்டீங்க. நானும் பக்கத்துல இருந்தேன். அதே போன்தான. இன்னொரு வாட்டி கூப்பிட்டு, பாய், இது என்னன்னு கேக்க உங்களுக்கு என்ன கஷ்டம்?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்ராஹிம் கண்ணைத் திறந்தார். தர்மேந்திரனைப் பார்த்தார். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பழத்த எடுத்துட்டுப் போங்க" என்றார் குல்ஜார் பேகம். "ஒன்னே ஒன்னு செய்யுங்க. நீங்க எதையும் பாக்கலைன்னு, பொய் சொன்னேன்னு, அதே வாயால பேசி அனுப்புங்க. உங்க பேரச் சொல்லி. தலைவர்னு இல்ல, பேரச் சொல்லி."

அந்தப் பதிவு முடிய ஒரு பகல் முழுக்கப் போனது. முதல் முயற்சியில், 'சில தவறான புரிதல்களால்' என்று தொடங்கினார். கலாதேவி அடுப்படியிலிருந்து, "திரும்பப் பேசுங்க" என்றாள். அடுத்ததில் மாணவர்களைக் குறை சொன்னார். "திரும்பப் பேசுங்க." அதற்கடுத்து தன் பொதுவாழ்க்கையைப் பற்றி நீளமாகப் பேசினார். "யாரு கேட்டா? திரும்பப் பேசுங்க." வெயில் இறங்கும் நேரத்தில், தொண்டை கட்டிப்போய், தர்மேந்திரன் பேசினார்.

"என் பேர் தர்மேந்திரன். வேன் பத்தி நான் சொன்னது பொய். நான் எதையும் பாக்கல. அது ரொட்டி விக்கிற இப்ராஹிம் பாயோட வேன். என் பேச்சால அவர அடிச்சிட்டாங்க."

சிறியதாக இருந்தது. அவர் பேசியவற்றில் சுருக்கமானது அதுதான். எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினார். முதல் பதிவை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள் இதை ஒருவருக்கும் அனுப்பவில்லை. சிலர் கட்டைவிரல் போட்டார்கள். கோப்பெங்கில் தேங்க்ஸ் சொன்னவன் பதிலே போடவில்லை. பழைய தோட்டத்துக் குழுவில் ஒருவர், 'அப்ப உண்மையான பிள்ளை பிடிக்கிறவன் இன்னும் வெளியிலதான் இருக்கானா?' என்று கேட்டார். மற்றவர்கள் அதைப் பகிரத் தொடங்கினார்கள்.

கோகிலன் கொஞ்சம் தாமதமாக, ஆனால் தானாகவே போலீஸ் பாலாய்க்குப் போனான். போலீஸ் நிலையத்தில், படம் தான் செய்தது என்று வாக்குமூலம் கொடுத்து, தன் கணினியையும் காட்டினான். அடித்தவர்களில் சிலரைப் பிடித்தார்கள். தர்மேந்திரனையும் கூப்பிட்டு விசாரித்து, கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. ஷாமினியின் அறிக்கை குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது. அதில், 'பயிற்சிச் செய்தி இலக்குக் குழுவைத் தாண்டிப் பரந்த அளவில் மக்களைச் சென்றடைந்தது' என்று ஒரு வரி இருந்தது. பரிசு கிடைத்தது. மேடையில் கோகிலன் இல்லை. அவன் ஏன் வரவில்லை என்று அறிவிப்பாளர் கேட்கவில்லை.

சங்கத்துக்குப் புதுத் தலைவர் வேண்டும் என்று கூட்டம் போட்டார்கள். யாருக்கும் மண்டபச் சாவி வேண்டாம். கடைசியில் தர்மேந்திரனே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். குழுவில் பேசக்கூடாது என்று மட்டும் தீர்மானம். மனிதருக்கு அதைவிடப் பெரிய தண்டனையை நீதிமன்றம் தரப்போவதில்லை.

இப்ராஹிம் வேனை விற்றுவிட்டார். கை நேராகக் கூடவில்லை. இப்போது ஈப்போவில் சொந்தக்காரர் உணவகத்தில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். தாமானுக்கு வேறு ரொட்டிக்காரர் யாரும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்திலிருந்து சிலர், கலாதேவியும் தர்மேந்திரனும் உட்பட, அந்த உணவகத்துக்குச் சாப்பிடப் போனார்கள். பிள்ளைகள் கேட்கிறார்கள், திரும்ப வாங்க பாய் என்றார்கள். அவர் "வாரேன், வாரேன்" என்றார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொல்வதுபோல.

கிளம்பும்போது சங்கச் செயலாளர் கைப்பேசியை எடுத்தார். "பாய், எல்லாரும் சேந்து ஒரு போட்டோ எடுத்துக்கலாம். குரூப்புல போட்டா எல்லாருக்கும் சந்தோசமா இருக்கும்." தர்மேந்திரன் பழக்கதோஷத்தில் நடுவில் போய் நின்றுகொண்டார்.

"போட்டோ வேணாம்ணே" என்றார் இப்ராஹிம். அவர்களுக்குப் பின்னால் பணம் கட்டக் காத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "நீங்க வாங்க, என்ன சாப்டீங்க?" என்று கேட்டார். நடுவில் நின்ற தலைவர் வழியை விட்டு ஒதுங்க வேண்டியிருந்தது.